டிக்கெட் கவுன்ட்டரில் நான் பார்த்த வதந்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

பொய்ச் செய்தியை எதிர்கொள்வது எப்படி என்று பத்திரிகையாளர்கள் வெளிநாடு சென்று கற்றுவரும் பரிமாற்றப் பயிற்சிகள் பற்றிப் படித்தேன். அவற்றில் தமிழ்ச் செய்தியாளர்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

2012 ஆகஸ்ட் 15 மாலை, பெங்களூரு சிட்டி ஸ்டேஷனில் பொது டிக்கெட் கவுன்ட்டரில் நான் பணியில் இருந்தேன். திடீரென்று வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது. எல்லாம் வடகிழக்குப் பிள்ளைகள். ஓட்டலில் பரிமாறுகிறவர்கள், செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர்கள், மாணவர்கள். எல்லோரும் கேட்டது குவாஹாட்டி டிக்கெட். "யாராவது அடித்தார்களா தம்பி?" என்று ஒரு பையனிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். இல்லையாம். அஸ்ஸாமில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பழியாக, ரம்ஜானுக்குள் ஊரைக் காலி செய்யாவிட்டால் அடி விழும் என்று எஸ்.எம்.எஸ். வந்ததாம். போனைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினான், கை நடுங்கியது. அது பொய் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். ஒரே நேரத்தில் பலருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப மத்திய அரசு தடை போட்டது 17ஆம் தேதி. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் ரயிலேறிவிட்டார்கள்.

அந்த நாட்களில் சுற்றிய படங்களில் ஒன்று, சடலங்களுக்கு நடுவே துறவிகள் நிற்பது. மியான்மரில் முஸ்லிம்களைக் கொன்ற படுகொலை என்றார்கள். உண்மையில் அது 2010இல் சீனாவின் யூஷு நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் படம். இதை எடுத்துச் சொன்னவர்களில் ஒரு பாகிஸ்தான் பத்திரிகையாளரும் உண்டு. நம் நிருபர்களுக்கு வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களோடு பழக்கம் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். எங்கோ எடுத்த படம் இங்கே வந்து ஊரைக் காலி செய்கிறது. அங்கே போன் போட்டுக் கேட்க நம் நிருபருக்கு ஓர் ஆள் தெரிந்திருக்க வேண்டாமா?

இப்போது வருவதெல்லாம் குரல் பதிவு. படத்தையாவது இணையத்தில் போட்டு அதன் பழைய இடத்தைத் தேடலாம். "அக்கா, பிள்ளைகளை வெளியே விடாதீங்க" என்று தமிழில் யாரோ பேசி அனுப்பினால் எங்கே தேடுவது? பேச்சை வைத்து எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடிக்கவும் தமிழ் தெரிந்தவர்தான் வேண்டும். தைவானில் 2016 முதல் 'கோஃபேக்ட்ஸ்' என்று ஒன்று நடக்கிறது. சந்தேகமான செய்தியை வாட்ஸ்அப் போன்ற 'லைன்' செயலியில் அனுப்பினால், தன்னார்வலர்கள் சரிபார்த்து எழுதிய பதில் வரும். அப்படி ஒன்றைத் தமிழில், குரல் பதிவுக்கும் சேர்த்து நடத்த என்ன வேண்டும் என்று நம்மவர் ஒருவர் நேரில் பார்த்து வரட்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். போய்வந்தவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராமபுரத்துக்கு அனுப்புங்கள். எங்கள் தெருப் பெண்களை நான் கூட்டி வைக்கிறேன். அவர்களுடைய போனில் வந்ததையே வைத்து அவர் சொல்லிக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே டிக்கெட் எழுத்தர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு