திருப்பணி நிறைவு அறிக்கை: பணி ஓய்வு பெறும் நம் ஊர்ப் பொறியாளருக்கு நன்றியுடன்

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணி இறையருளால் நிறைவேறி, குடமுழுக்கு நல்லபடியாக நடந்து, 48 நாள் மண்டலாபிஷேகமும் பூர்த்தியாகிவிட்டது. தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு கோயில் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. இரசீதுப் புத்தகங்களையும் யாரும் வந்து பார்க்கலாம்.

விமானமும் சுதை வேலையும் அண்ணாந்து பார்த்தாலே தெரியும். மேல்தளத்தில் நடந்த வேலையை நாங்கள்தான் சொல்ல வேண்டும். அதைச் செய்வித்தவர் நீர்வளத்துறையில் செயற்பொறியாளர். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போடாவிட்டால் ஊருக்குத் தெரியாதா என்ன!

உதவிப் பொறியாளராகச் சேர்ந்தது முதல் காவிரிப் பாசனத்திலேயே உழைத்தவர். ஜூன் 12 மேட்டூர் திறந்தால், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும்வரை அவரை வீட்டில் பார்ப்பது அரிது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது, இரவு பகலாக மணல் மூட்டை அடுக்கிய இடத்தில் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

மகாமண்டபம் மழைக்கு மழை ஒழுகியது உங்களுக்கு நினைவிருக்கும். பழைய சிமெண்ட் பூச்சின் மேலேயே இன்னொரு பூச்சு போட்டால் செலவு குறையும் என்று ஒரு சாரார் சொன்னார்கள். அவர் பதில் பேசவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் தளத்தில் ஊற்றினார். தேங்கிய இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். மழைநீர் வெளியேறும் தூம்புக்கு ஓட வேண்டிய தண்ணீர் கருவறைப் பக்கம் போய் நின்றது. விவாதம் அதோடு முடிந்தது.

சிமெண்டை உளியால் கொத்தி எடுத்து, வாட்டம் பார்த்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்துக் கட்டையால் தட்டி இறுக்கினார்கள். மேலே தட்டோடு என்கிற தட்டையான சுட்ட ஓடு பதித்தார்கள். உள்ளே புகுந்த ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அடைத்து வைக்கும். கல்லில் உப்புப் பூத்ததற்கு அதுவே காரணம் என்றார். தூண்களில் படிந்த வர்ணத்தை எடுக்க மணலை வேகமாகப் பீய்ச்சும் மணல் வீச்சு கூடவே கூடாது என்று தடுத்துவிட்டார். நார் பிரஷும் தண்ணீரும் வைத்துத் தேய்த்ததில் நாள் கூடியது உண்மைதான். ஆனால் சிற்பங்களின் மூக்கும் விரலும் அப்படியே இருக்கின்றன.

வல்லுநர் குழு ஒப்புதலுக்கான மதிப்பீடு, வரைபடம் எல்லாம் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளில் தயாரானவை. கோப்பு திரும்பி வந்தபோதும் சலிக்காமல் திருத்திக் கொடுத்தார். ஒரு காசு வாங்கவில்லை. கோடையில் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு திருக்குளத்து வரத்து வாய்க்காலைத் தூர்வாரியதும் அவர்தான்.

பாராட்டு விழாவில் பொன்னாடை என்று தீர்மானம் போட்டோம். தட்டோடு பதித்த கொத்தனார்களுக்கு முதலில் போர்த்தினால்தான் மேடை ஏறுவேன் என்கிறார். அப்படியே செய்யக் குழு ஒப்புக்கொண்டது.

இன்னொரு வேலையும் வைத்திருக்கிறார். ஐப்பசி அடைமழைக்கு முன் தளத்தைப் பெருக்கி, தூம்புவாய் அடைப்பை எடுத்து, இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்க வேண்டும். தெருவுக்கு இருவர் புரட்டாசிக்குள் பெயர் கொடுங்கள். மேற்பார்வைக்கு அவரே வருவார். இனி ஞாயிறு மட்டுமல்ல, எல்லா நாளும் வருவாராம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்