உலகக் கண்காட்சி நூலின் பிழைகளும் விடுபடல்களும் குறித்த புகார்

அனுப்புநர்:
முன்பதிவு செய்த வாசகர்,
மதுரை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
நூல் வெளியீட்டுப் பிரிவு.

பொருள்: 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சி பற்றிய தங்கள் நூலில் உள்ள குறைகள் – திருத்தமும் பணத்தைத் திரும்பத் தருதலும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1904-ஆம் ஆண்டு நடந்த உலகக் கண்காட்சியைப் பற்றிய தங்கள் நூலை முன்வெளியீட்டுத் திட்டத்தில் முழுத் தொகையும் செலுத்தி வாங்கினேன். கண்காட்சி எப்படித் திட்டமிடப்பட்டது, எப்படி நடத்தப்பட்டது என்பதை முழுமையாகச் சொல்லும் நூல் என்று தங்கள் அறிவிப்பிலும் பின்னட்டையிலும் அச்சிட்டிருந்ததை நம்பியே வாங்கினேன். மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்தும் ஆசிரியர் என்பதால், எங்கள் பள்ளி நூலகத்துக்கும் ஒரு பிரதி வாங்கச் செய்தேன். நூலைப் படித்தபின், பின்னட்டையில் தந்த உறுதியைத் தாங்கள் காப்பாற்றவில்லை என்பதையும், ஒரு பகுதியில் மனிதர்களுக்கு அநீதியே இழைத்திருக்கிறீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

முதலில் ஏற்பாடு பற்றிய அத்தியாயத்தை எடுத்துக்கொள்கிறேன். 1803-இல் பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை அமெரிக்கா வாங்கியதன் நூற்றாண்டுக்காகத் திட்டமிடப்பட்ட இக்கண்காட்சி, வெளிநாடுகளும் மாநிலங்களும் தயாராவதற்குக் கூடுதல் காலம் வேண்டியிருந்ததால் ஓராண்டு தள்ளிப்போய், 1904 ஏப்ரல் 30 அன்று திறக்கப்பட்டது. இந்தத் தாமதத்தைப் பற்றி நூலில் ஒரு வரிகூட இல்லை. நகராட்சிக் கடன் பத்திரங்கள் மூலம் 50 லட்சம் டாலர், பொதுமக்களும் வணிகர்களும் வாங்கிய பங்குகள் மூலம் 50 லட்சம், மத்திய அரசின் ஒதுக்கீடு 50 லட்சம் என, அந்த நிலப்பரப்பை வாங்கக் கொடுத்த ஒன்றரைக் கோடி டாலருக்குச் சமமான தொகையைத் திரட்டியதும், அதுவும் போதாமல் திறப்புக்குச் சற்று முன்பாக அரசிடம் 46 லட்சம் டாலர் கடன் வாங்கி, வருவாயிலிருந்து அதை அடைத்ததும்தான் இந்தக் கதையின் முதுகெலும்பு. தங்கள் நூலோ, நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்த டேவிட் ஃபிரான்சிஸ் 'அயராது உழைத்தார்' என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது. அவர் அயராது உழைத்தார் என்பது உண்மைதான். எதற்காக உழைத்தார் என்பதைத்தானே வாசகர் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்?

தண்ணீரைப் பற்றியும் நூலில் எதுவும் இல்லை. மிசிசிப்பி ஆற்றிலிருந்து அந்நகரக் குழாய்களுக்கு வந்த தண்ணீர் பல காலமாகக் கலங்கலாகவே இருந்தது. விழா மண்டபத்தின் முன்னே செயற்கை அருவிகளில் சேற்று நீர் விழுந்தால் உலகத்தார் முன்னிலையில் மானம் போகும் என்ற அச்சத்தில், சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கலந்து வண்டலைப் படியச் செய்யும் முறையை நகரப் பொறியாளர்கள் கண்காட்சி திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கண்காட்சி முடிந்த பிறகும் அந்நகர மக்களுக்குத் தெளிந்த தண்ணீர் கிடைத்தது. ஒரு கண்காட்சி ஓர் ஊருக்கு உண்மையில் எதைக் கொடுத்தது என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அரசு விதித்த நிபந்தனையால் ஞாயிற்றுக்கிழமைகளில் வாயில்கள் மூடியிருந்ததையும் தாங்கள் சொல்லவில்லை. வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணத்தைவிட இந்தத் தடையே பெரிதாக இருந்திருக்கும்.

படங்களைப் பொறுத்தவரை, 'விழா மண்டபமும் அருவிகளும்' என்ற விளக்கத்துடன் இரு பக்கங்களில் அச்சிட்டிருப்பது செயின்ட் லூயிஸ் படமே அல்ல. நீர்நிலையின் நடுவே இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் பெண் சிலை 1893 சிகாகோ கண்காட்சிக்கு உரியது. படத்தில் அருவி ஒன்றுகூட இல்லை என்பதை மெய்ப்புப் பார்த்தவராவது கவனித்திருக்கலாம். ஃபெரிஸ் ராட்டினமும் செயின்ட் லூயிஸுக்காகவே கட்டப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சிகாகோவில் 1893-இல் நிறுத்தப்பட்டு, பின்னர் பிரித்துக் கொண்டுவரப்பட்டதே. ஐஸ் டீ அந்தக் கண்காட்சியில்தான் பிறந்தது என்பது இன்னொரு பிழை. இந்தியத் தேயிலையை விளம்பரப்படுத்தச் சென்ற ரிச்சர்ட் பிளெச்சிண்டன் அங்கே அதைப் பரவலாக்கினார் என்று சொல்லலாமே தவிர, அதன் செய்முறை 1870-களிலேயே அமெரிக்கச் சமையல் நூல்களில் அச்சாகியிருந்தது.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாலும், 'விசித்திர மனிதர்கள்' என்று தலைப்பிட்ட அத்தியாயத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. 1899 முதல் 1902 வரை நடந்த போரில் பிலிப்பைன்ஸைக் கைப்பற்றிய அமெரிக்க அரசு, தன் ஆட்சியை நியாயப்படுத்தும் நோக்கத்துடன் அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுவந்து, 47 ஏக்கரில் ஊர்கள் போல அமைத்துக் காட்சிக்கு வைத்தது. அவர்களில் மலைவாழ் இனத்தவரான இகோரோட் மக்கள் சடங்குகளின்போது மட்டும் உண்ட நாய் இறைச்சியைக் கூட்டம் சேர்ப்பதற்கான காட்சியாக ஆக்கினார்கள். தங்கள் நூல் அந்தக் காலத்து விளம்பரத்தின் தொனியிலேயே அதை வேடிக்கையாக எழுதுகிறது. அமெரிக்கப் பழங்குடியினரான அப்பாச்சி இனத்தின் வீரர் ஜெரோனிமோ புன்னகையுடன் கையெழுத்திட்டுத் தந்தார் என்று எழுதியவர், அப்போது அவர் அமெரிக்க அரசின் போர்க்கைதி என்பதை விட்டுவிட்டார். காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓட்டா பெங்காவின் படத்துக்குக் கீழே 'கூர் தீட்டிய பற்கள் பார்வையாளர்களைக் கவர்ந்தன' என்ற ஒரே வரிதான் இருக்கிறது. அதே மனிதரை 1906-இல் நியூயார்க்கில் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையின் குரங்குகள் இருந்த கட்டடத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள் என்பதையும், ஊர் திரும்ப வழியின்றி 1916-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார் என்பதையும் சொல்லாமல் அந்தப் படத்தை எந்த மாணவரிடமும் காட்ட எனக்கு மனம் வரவில்லை. மனிதர்களைக் காட்சிக்கு வைத்ததும் அந்தக் கண்காட்சியின் நிர்வாகப் பணிகளில் ஒன்றுதான். அதற்கென மானிடவியல் துறையே இருந்தது. ஏற்பாட்டைப் பற்றிய நூல் அதைக் கேள்வி கேட்காமல் கடந்துபோவது பெருங்குறை.

இவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிட்டுத் தங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு ஏற்கெனவே மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். உள்ளடக்கத்துக்கு ஆசிரியரே பொறுப்பு என்றும், சேதமடைந்த பிரதிகளை மட்டுமே மாற்றித் தர இயலும் என்றும் பதில் வந்தது. பின்னட்டை வாசகத்தை எழுதி அதைக் காட்டிப் பணம் பெற்றது பதிப்பகம், ஆசிரியர் அல்லர். ஆகவே இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

தவறான படங்களுக்கும் தகவல்களுக்கும் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்றை அச்சிட்டு, முன்பதிவு செய்த அனைவருக்கும் அஞ்சலில் அனுப்ப வேண்டும். அடுத்த பதிப்பு வருவதற்குள் 'விசித்திர மனிதர்கள்' அத்தியாயத்தை, இத்துறையில் பயிற்சி உள்ளவரைக் கொண்டு முழுவதும் திருத்தி எழுதச் செய்ய வேண்டும். அதுவரை மீதமுள்ள பிரதிகளில் 'முழுமையான' என்ற விளம்பரத்தை நீக்க வேண்டும். நான் செலுத்திய தொகையையும் பள்ளி செலுத்திய தொகையையும் திருப்பித் தர வேண்டும். இரண்டு ரசீதுகளின் நகல்களையும், பக்க எண்களுடன் பிழைகளின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்பதிவு வாசகர்.

இணைப்பு: ரசீது நகல்கள், பிழைகளின் பட்டியல், தங்கள் மின்னஞ்சல் பதிலின் அச்சுப்படி.