எட்டே எட்டு கலை

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த வானியலாளர் கெப்ளர் பற்றிய கட்டுரையில், கோள்கள் சூரியனைச் சுற்றுவது பற்றிய அவருடைய மூன்று விதிகளும் வரிசையாக இருந்தன. சரி, ஆனால் சுவையான இடத்தை விட்டுவிட்டார்களே!

தொலைநோக்கி வருவதற்கு முன்பே டைக்கோ பிராஹே என்ற வானியலாளர் வெறும் கண்ணால் எடுத்த, வானில் செவ்வாய் இருந்த இடங்களின் அளவுகளை வைத்துத்தான் கெப்ளர் கணக்குப் போட்டார். வட்டப் பாதை ஏறக்குறையப் பொருந்திவிட்டது. இடித்தது 8 கலை மட்டும் (ஒரு பாகையில், அதாவது டிகிரியில், அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). அதாவது முழு நிலாவின் அகலத்தில் கால் பங்கு. வேறு ஒருவர் என்றால் ‘போகட்டும்’ என்று விட்டிருப்பார். டைக்கோ அவ்வளவு தவறமாட்டார் என்று நம்பிய கெப்ளர், போட்ட கணக்கை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். 1609-இல், செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்ற முடிவு அச்சேறியது.

கோளின் சுற்றுக்காலத்தையும் சூரியனிலிருந்து அதன் தூரத்தையும் இணைக்கும் மூன்றாம் விதி பிடிபட்ட 1618-இல் அவருடைய தாய் கத்தரினா மீது சூனியக்காரி என்ற பழி வேறு. பின்னர் 14 மாதம் சிறை. மகன் முன்நின்று வழக்காடி 1621-இல் மீட்டார்.

அப்புறம், அந்தப் படம். செவ்வாயின் பாதையை முட்டை மாதிரி வரைந்திருக்கிறீர்கள். 10 செ.மீ. நீளத்தில் சரியாக வரைந்தால் அகலம் அரை மில்லிமீட்டர்கூடக் குறையாது.

ஒரு வாசகர்,
கும்பகோணம்