சாலையின் கனமும் காகிதத்தின் கணக்கும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தியின் திருமணம் நல்லபடியாக நடந்தேறியதில் எங்கள் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. கண் அறுவைக்குப் பின் எனக்கும் படிக்க, எழுதத் தடையில்லை.

உங்கள் ஊரில் பள்ளிக்கூடத் தெருவுக்குச் சிமென்ட் சாலை போடப்போவதாகவும், முந்தைய தெருவில் நடந்த முறைகேட்டைப் பார்த்த இளைஞர்கள் இம்முறை வேலை நடக்கும் இடத்தில் நாள்தோறும் நின்று கவனிக்கத் தீர்மானித்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர்கள் நிற்கட்டும். ஆனால், என்ன அளவில் எவ்வளவு பொருள் போட வேண்டும் என்று சொல்லும் மதிப்பீட்டின் (எஸ்டிமேட்) நகல் கையில் இல்லாமல் நின்றால் பெரும்பாலும் ஏமாந்தே திரும்புவார்கள் என்று அஞ்சுகிறேன்.

இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளியல் அறிஞர் இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் அரசுப் பணத்தில் போடப்பட்ட சாலைகளைப் பொறியாளர்களைக் கொண்டு தோண்டி, உள்ளே கிடந்த பொருளையும் கணக்கில் எழுதிய பொருளையும் ஒப்பிட்டு, 2007-இல் முடிவுகளை வெளியிட்டார். அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே அறிவித்த கிராமங்களில் காணாமற்போன செலவு 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. ஊர்க்கூட்டத்துக்கு மக்களை அழைப்பிதழ் கொடுத்து வரவழைத்த கிராமங்களிலோ கூலியில் நடந்த திருட்டு குறைந்ததே தவிர, பொருளில் நடந்தது குறையவில்லை. மக்களால் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தன் கூலி வந்ததா இல்லையா என்பது உழைத்தவருக்குத் தெரியும். மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் அடியில் எத்தனை லோடு ஜல்லி போயிற்று என்பது, காகிதத்தைப் பார்க்காத யாருக்கும் தெரியாது.

ராஜஸ்தானில் சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராயும் அவருடைய தோழர்களும் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், உழவர் அமைப்பு இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா கிராமத்தில் அவர்கள் நடத்திய முதல் மக்கள் விசாரணையில், வேலையாட்களின் வருகைப் பட்டியலையும் செலவுச் சீட்டுகளையும் ஊரார் முன்னால் உரக்கப் படித்தார்கள். அந்த வேலைக்கே போகாதவர்களின் பெயர்கள் பட்டியலில் இருந்தன. அரைகுறையாய் நின்ற கட்டடம் முடிந்ததாக எழுதப்பட்டிருந்தது. ஊருக்குத் தெரிந்த உண்மையும் அலுவலகத்தில் பூட்டிக் கிடந்த எழுத்தும் ஒரே பந்தலின் கீழ் சந்தித்ததால்தான் அன்று அது வெளிப்பட்டது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 2(j) பிரிவு, ஆவணங்களின் நகலைப் பெறுவதோடு வேலையையே நேரில் ஆய்வு செய்யவும், பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. இத்தனை வலுவான ஒன்றை நம் ஊர்களில் பலரும் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. ஆகவே, 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து மதிப்பீடு, ஒப்பந்த ஆணை ஆகியவற்றின் நகலை இப்போதே கேட்கச் சொல்லுங்கள். பதில் வர 30 நாள் வரை ஆகலாம் என்பதால் வேலை தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். எம். புக் என்று நாம் சொல்லும் அளவுப் புத்தகத்தை வேலை முடிந்து அளவு பதிந்த பிறகு கேட்கலாம். ஒப்பந்ததாரருக்குப் பில் பணம் அந்த அளவை வைத்துத்தான் வழங்கப்படுகிறது.

நகல் வந்தபின் கணக்கு எளிது. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று மதிப்பீடு சொன்னால் 45 கன மீட்டர் கான்கிரீட் இறங்க வேண்டும். கனம் 12 சென்டிமீட்டராகக் குறைந்தால் 36 கன மீட்டர்தான் இறங்கியிருக்கும். ஐந்தில் ஒரு பங்கு காணாமற்போய்விடும், மேலே நடப்பவருக்கோ வேறுபாடே தெரியாது. எனவே கான்கிரீட் வழியாமல் இருக்க ஓரங்களில் பக்கப் பலகை அடைத்த உடனே, கான்கிரீட் கொட்டும் முன்பே, பல இடங்களில் அளவுகோல் வைத்துப் பார்த்து, தேதியோடு குறித்துக்கொள்ள வேண்டும். சாலை ஓரத்தில் மண் அணைத்த பிறகு அளப்பது கடினம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே இளைஞரின் பெயரில் எல்லா விண்ணப்பங்களும் போக வேண்டாம். தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டவர்கள், உயிரிழந்தவர்கள் இந்நாட்டில் பலர். நான்கைந்து பேர் தனித்தனியே விண்ணப்பிக்கட்டும். கிடைத்த விவரங்களைக் கிராம சபையில் பலரும் சேர்ந்து எழுப்பட்டும். அந்தத் தெருவில் குடியிருக்கும் பெண்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்டால் பதில் சொல்லாமல் நகர முடியாது. கேள்வியும் பதிலும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும்வரை யாரும் கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

மதிப்பீட்டின் நகல் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற உறவினர் ஒருவர் அருகில் இருக்கிறார்; வரிவரியாகப் படித்து விளக்கம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நவம்பர் 1 கிராம சபைக்கு நானும் வந்து பார்வையாளனாக உட்காரலாமா என்பதை ஊராரிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்