கருவியை இயக்கப்போவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர்ப் பக்கத்தில் ரோபோ துணையோடு கல்லீரல் அறுவை சிகிச்சை தொடங்குகிறார்கள் என்ற செய்தி வந்ததும், எங்கள் தெருக்காரர்கள் என்னிடம் கேட்டார்கள்: "சிஸ்டரம்மா, இனிமே மிஷினே வயித்தை அறுக்குமா?"

இல்லை. மருத்துவர் அதே அரங்கில் தனி இருக்கையில் அமர்ந்து, உள்ளுறுப்புகளைப் பெரிதாக, முப்பரிமாணத்தில் பார்த்தபடி கைப்பிடிகளை அசைப்பார். அவர் கை அசைந்தால்தான் கருவி அசையும். கை நடுக்கத்தைக் கருவி வடிகட்டிவிடும். துளைகள் விரல் அகலம்கூட இருக்காது.

இதன் அருமை எனக்குத் தெரியும். எதிர்வீட்டு நெசவாளருக்குக் கல்லீரல் கட்டியை அகற்ற வலது விலாவுக்குக் கீழே நீளமாகத் திறந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் குழித்தறியில் இறங்கிக் குனிந்து நெய்ய மாதக்கணக்கில் முடியவில்லை. மனைவி பீடி சுற்றிய கூலியில்தான் அடுப்பு எரிந்தது. கூலிக்காரருக்குச் சின்னக் காயம் என்பது சம்பளம்.

ஆனால் கல்லீரல் ரத்தம் நிறைந்த உறுப்பு. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் அதன் வழியே ஓடுகிறது. வெட்டும்போது உள்ளே வரும் ரத்தத்தை நாடாவால் இறுக்கி நிறுத்துவார்கள். 15 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் தளர்த்துவது வழக்கம். நேரத்தை உரக்கச் சொல்வது, அறுவை அரங்கச் செவிலியரான என் வேலையாக இருந்தது. ரத்தம் பீறிட்டால் ரோபோ கைகளை விலக்கிவிட்டு உடனே வயிற்றைத் திறக்க வேண்டிவரும். அதற்கு மருத்துவர் மட்டுமல்ல, மயக்க மருத்துவரும் செவிலியரும் சேர்ந்து பழகியிருக்க வேண்டும். விளம்பரப் பலகையில் கருவியின் படம் மட்டும் போதாது. இயக்கப்போகிறவர் இதுவரை எத்தனை கல்லீரல் அறுவைகளை இப்படிச் செய்திருக்கிறார், எந்த நோயாளிக்குப் பழைய முறையே நல்லது என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் தமிழில் சொல்ல வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா, கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் சேர்க்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.

1971-லேயே சிறுநீரக மாற்று அறுவையைச் செய்துகாட்டிய ஊர் வேலூர். புதியதைக் கண்டு இங்கே யாரும் மிரளமாட்டார்கள். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு 2022-இல் ரோபோ கருவி வந்தது. வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் ஒன்றை, பயிற்சி பெற்ற குழுவோடு, அரசு தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை அரங்கச் செவிலியர்,
குடியாத்தம்.