வில் ஜேம்ஸ் மொன்டானாவில் பிறந்தவர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கௌபாயாக இருந்து எழுத்தாளரும் ஓவியருமான வில் ஜேம்ஸ் பற்றிச் சிறுவர் இணைப்பில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. முதல் பத்தியை மட்டும் திருத்த வேண்டும். அவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிறந்தார், நான்கு வயதுக்குள் தாயையும் தந்தையையும் இழந்தார், பிரெஞ்சுக் கனடிய வேட்டைக்காரர் ஒருவர் எடுத்து வளர்த்தார் என்று அதில் இருக்கிறது. இதற்கு ஆதாரம் 1930இல் வந்த அவருடைய தன்வரலாறு. அதில் அவரே இப்படித்தான் எழுதினார், ஆனால் அது புனைவு. அவர் 1892இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்தவர். பெயர் எர்னஸ்ட் டுஃபோ, தாய்மொழி பிரெஞ்சு. பெற்றோர் இருக்க, கூடப்பிறந்தவர்கள் இருக்க, பதினைந்து வயதில் மேற்கே கிளம்பிப் போனார். 1967இல் ஆந்தனி அமரல் எழுதிய வாழ்க்கை வரலாறு இதை வெளிக்கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் பழைய கதையே இன்னும் பல இடங்களில் அச்சாகிறது.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்று, மாடு திருடிய வழக்கில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் அவர் கைதானதும் 1916 வரை சிறையில் இருந்ததும். சிறுவர் பக்கம் என்று தவிர்த்திருக்கலாம். என்னைக் கேட்டால், சொல்லியிருக்க வேண்டும். சிறையிலும் அவர் படம் வரைந்துகொண்டிருந்தார். 1919இல் ஒரு குதிரை தூக்கி எறிந்து தலையில் பலத்த காயம் பட்ட பிறகுதான் வரைவதையே பிழைப்பாக்கினார். 1923இல் 'ஸ்க்ரிப்னர்ஸ்' இதழில் முதல் கட்டுரை வந்தது. ஸ்மோக்கி என்ற குதிரையின் கதையைச் சொல்லும் 'ஸ்மோக்கி' நாவல் 1926இல் வந்தது. அதற்கு மறு ஆண்டு, அமெரிக்காவில் சிறுவர் நூலுக்குத் தரும் நியூபெரி பதக்கம் கிடைத்தது.

பிறப்பில் பொய் சொன்னவர், தொழிலில் பொய் சொல்லவில்லை. கட்டுரையில் "கௌபாய் குதிரையை அடக்கினான்" என்று ஒரே வரியில் முடிந்துபோனது, அந்த நாவலின் உயிரான பகுதி. மேய்ச்சல் வெளியில் நான்கு வயது வரை மனிதன் கை படாமல் வளர்ந்த குதிரையை முரட்டுத்தனத்தால் வழிக்குக் கொண்டுவர முடியாது. முதல் பாடம் கயிறு. அசையாத முளையில் கட்டினால், வெருண்டு ஓடும் வேகத்தில் கழுத்தோ காலோ போய்விடும். அதனால் நீளமான மெத்தென்ற கயிற்றை ஒரு கனத்த மரக்கட்டையில் கட்டுவார்கள். இழுத்தால் கட்டை கொஞ்சம் நகரும், ஆனால் ஓட விடாது. கயிறு காலில் சுற்றினால் உதறாமல் நிற்கக் குதிரை தானே கற்றுக்கொள்ளும்.

அடுத்தது சாக்கு. வட்டப் பட்டிக்குள் வைத்து, சாக்கையோ சேண விரிப்பையோ முதுகிலும் கால்களிலும் மெல்லத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அது வலிக்காது என்று தெரிந்தபின்தான் சேணம். அந்தச் சேணம் சுமார் 18 கிலோ இருக்கும். ஆபத்து வயிற்றுவாரில்தான். தளர்வாக இருந்தால், துள்ளும்போது சேணம் சரிந்து வயிற்றுக்கடியில் தொங்கும். குதிரை அதை உதைத்து உதைத்துப் பித்துப் பிடித்தது போலாகிவிடும். பிறகு அதைச் சேணத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவதே பெரும்பாடு. எடுத்த எடுப்பில் இறுக்கினாலோ மூச்சு முட்டி அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து விழும். கொஞ்சம் இறுக்கி, நாலடி நடத்தி, மறுபடி இறுக்குவதுதான் முறை.

முதல் சவாரிக்குக் கடிவாள இரும்பு கிடையாது. 'ஹாக்கமோர்' என்ற மூக்குவார்தான். பச்சைத்தோலைப் பின்னிச் செய்தது. இளங்குதிரையின் வாய் புண்ணாகாமல் இருக்கத்தான் இது. ஏறும்போது இடக்கையால் அதன் கன்னவாரைப் பிடித்துத் தலையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். குதிரை சுழன்றால் ஆள் சேணத்தின் மேல் வந்து விழுவான். தலை மறுபக்கம் போனால் அங்கவடியில் ஒரு கால் மாட்டியபடி இழுபடுவான். கட்டுரையோடு வந்த படத்தில் முதல் சவாரியிலேயே முழுக் கடிவாளம் இருக்கிறது. சிறிய விஷயம்தான். ஆனாலும் ஜேம்ஸ் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

இந்த நாவலைத் தமிழில் தொடராக வெளியிடும் எண்ணம் இருப்பதாக அறிவிப்பில் கண்டேன். மொழிபெயர்ப்பவர் கவனிக்க இரண்டு உண்டு. மூலம் இலக்கணச் சுத்தமான ஆங்கிலத்தில் எழுதப்பட்டது அல்ல. கௌபாய்கள் பேசிய கொச்சை அது. வினைச்சொற்கள் வேண்டுமென்றே பிசகியிருக்கும். பதிப்பகம் அதைத் திருத்தாமல் விட்டதுதான் நூலின் பெரிய பலம். பாடநூல் நடையில் பெயர்த்தால் குதிரை மட்டும் மிஞ்சும், சொல்பவன் காணாமல் போவான். அதற்காகத் தமிழ்நாட்டு வட்டார வழக்கு ஒன்றை அப்படியே போர்த்தினாலும் பொருந்தாது. படித்தவர் அல்லாத ஒருவர் நிதானமாகக் கதை சொல்லும் பேச்சுநடை போதும்.

இன்னொன்று, ஸ்மோக்கியைத் திருடுபவனைக் கலப்பினத்தான் என்பதைச் சொல்லிச் சொல்லியே நாவல் இழிவுபடுத்துகிறது. அக்கால அமெரிக்கப் புத்தகங்களில் சாதாரணமாகக் கிடந்த வழக்கம் இது. குழந்தைகள் படிக்கும் தொடரில் அதை அப்படியே போடுவதா, அடிக்குறிப்போடு போடுவதா என்பதை முதல் அத்தியாயம் அச்சுக்குப் போகும் முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது. திருட்டு நடந்த பின்தான் கதை ரோடியோ என்ற முரட்டுக் குதிரைச் சவாரிப் போட்டிக்கும், வாடகைச் சவாரிக்கும், காய்கறி வண்டிக்கும் போகிறது. அந்தப் பகுதியைச் சுருக்கித் தப்பிக்க முடியாது.

தொடருக்கான படங்களுக்கு, இந்த நாவலை வைத்து எடுத்த 1946 திரைப்படத்தின் காட்சிகளைத் தேட வேண்டாம். மூலநூலில் அவரே வரைந்த படங்கள் இருக்கின்றன. நான்கு காலும் தரையை விட்டெழ, தலை முன்னங்கால்களுக்கிடையே புதைந்திருக்கும் அந்தத் துள்ளலை, பலமுறை விழுந்தெழுந்தவர் வரைந்தது அது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்