தோழர்களை வீடு சேர்த்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

1999ஆம் ஆண்டு கார்கில் போரின்போது பீரங்கிப் படையில் கன்னராக, அதாவது பீரங்கி வீரனாக, இருந்தேன். எங்கள் பேட்டரியில், அதாவது பீரங்கிப் பிரிவில், என்னோடு ஒரே கூடாரத்தில் படுத்து எழுந்த இருவர் அந்தப் போரில் இறந்தார்கள். ஒருவன் தேனிக்காரன், மற்றவன் பாலக்காட்டுக்காரன். படையில் ஊரைச் சொல்லி அழைப்பதே எங்கள் வழக்கம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். அவர்களுடைய குடும்பத்தாரை 2024 ஆகஸ்டில், அந்தப் போர் நடந்த லடாக்கின் திராஸுக்கு அழைத்துச் சென்று வந்தோம். அந்தப் பயணத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவர்களுக்கு முன்பே நன்றி சொல்லியிருக்க வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிலிருந்து தொடங்குகிறேன்.

போரைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் அவர்கள் செய்தது என்னவென்று புரியும். திராஸ் பத்தாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் ஒரே சாலை அதன் வழியாகத்தான் அப்போது போனது. சாலைக்கு மேலே இருக்கும் தோலோலிங் முகட்டில் எதிரி உட்கார்ந்திருந்தவரை அந்தச் சாலையில் போகும் ஒவ்வொரு லாரியும் அவன் கண்ணில் பட்டது; எங்கள் பீரங்கி நின்ற இடமும் பட்டது. போஃபர்ஸ் பீரங்கியின் ஒரு குண்டு 40 கிலோவுக்கு மேல். அந்த உயரத்தில் அதைத் தூக்கி நான்கு அடி வைப்பதற்குள் நெஞ்சு அடைக்கும். தேனிக்காரன் குண்டு எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தான். எதிரியின் பீரங்கிக் குண்டு (ஷெல்) எங்கள் பக்கம் விழத் தொடங்கியபோதும் அவன் கையிலிருந்த குண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடவில்லை. அதைப் பீரங்கியில் ஏற்றிக் கொடுத்த பிறகு விழுந்த ஷெல்லில்தான் போனான். வயது இருபத்து மூன்று.

பாலக்காட்டுக்காரன் ரேடியோ ஆபரேட்டர். நாங்கள் சுடும் குண்டு எங்கே விழுகிறது என்று மேலே இருந்து பார்த்துச் சொல்ல, காலாட்படையோடு ஒரு சிறு குழு ஏறும். குழுவின் அதிகாரிக்கு அருகிலேயே ரேடியோவைச் சுமந்துகொண்டு இவன் போவான். பீரங்கிப் படைக்காரன் பின்னால் பத்திரமாக இருக்கிறான் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். அவன் குரலைக் கேட்டுத்தான் நாங்கள் சுட்டோம். ஜூன் 13 அன்று தோலோலிங் நம் கைக்கு வந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அவன் உடல் சரிவிலேயே கிடந்தது. எதிரி சுட்டுக்கொண்டிருந்ததால் உடனே எடுக்க முடியவில்லை.

அந்த உடலைக் கீழே கொண்டுவந்தவர்கள் சிப்பாய்கள் மட்டும் அல்லர். திராஸையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த சுமைதூக்கிகள் அவர்களோடு இருந்தார்கள். மேலே போகும்போது தோட்டாப் பெட்டியும் தண்ணீரும் ரொட்டியும், கீழே வரும்போது காயம்பட்டவர்களும் இறந்தவர்களும். பகலில் தலை தூக்க முடியாது. இருட்டிய பிறகுதான் எல்லாம். தங்கள் வீடுகள்மீது ஷெல் விழுந்துகொண்டிருந்த நாட்களில், பிள்ளைகுட்டிகளை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு அவர்கள் எங்களோடு நின்றார்கள். அவர்களுக்குச் சீருடையும் இல்லை, பதக்கமும் இல்லை. அந்தப் பெரியவர்களுக்கு என் முதல் நன்றி. விளக்கை அணைத்துவிட்டு அந்தச் சாலையில் வண்டி ஓட்டிய டிரைவர்களுக்கும், பட்டாலிக் பக்கம் காணாமல்போன யாக் மாட்டைத் தேடிப் போய் ஊடுருவலை முதலில் கண்டு படைக்குச் சொன்ன மேய்ப்பர் தாஷி நம்கியாலுக்கும் நன்றி. அவர் 2024 டிசம்பரில் காலமானார். நேரில் பார்த்து ஒரு வணக்கம் வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், கொடுத்துவைக்கவில்லை.

முந்தைய போர்களில் இறந்த வீரர்களைப் பெரும்பாலும் களத்துக்கு அருகிலேயே எரியூட்டினார்கள் அல்லது அடக்கம் செய்தார்கள். கார்கிலில்தான் உடல்கள் பெரும் எண்ணிக்கையில் சொந்த ஊருக்கு வந்தன. உடன் போக எங்களுக்கு வழியில்லை; பீரங்கி சுட்டுக்கொண்டே இருந்தது. பெட்டியைத் தோளில் வாங்க வேண்டிய நாங்கள் திராஸில் நின்றோம். எங்கள் இடத்தில் நின்று அதை வாங்கிய தேனிப் பக்கத்து இளைஞர்களுக்கும், கடையடைத்து வழிநெடுக நின்ற வியாபாரிகளுக்கும், அந்தத் தாயைத் தனியே விடாமல் மாதக்கணக்கில் அவரோடு வந்து படுத்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

அந்த ஊர்த் தபால்காரரைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேனிக்காரன் கடைசியாக எழுதிய கடிதம் அவன் உடலுக்குப் பின்னால் ஊர் வந்து சேர்ந்தது. 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய முத்திரையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடவில்லை. மூத்த மகளிடம் மட்டும் விவரம் சொல்லி, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அம்மா கேட்ட நேரத்தில் அருகில் உட்கார்ந்து தாமே படித்துக் காட்டினார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதன்பின் பல ஆண்டுகள், அவர் கேட்கும்போதெல்லாம் அதே கடிதத்தைப் படித்தார். ஐயா, நீங்கள் செய்ததற்குப் பெயர் தபால் வேலை இல்லை.

பாலக்காட்டுக்காரனின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியத் தாள்களை நிரப்பிக் கொடுத்து, ஓர் அலுவலகத்தில் மறுபடி மறுபடி அலையவைத்தபோதெல்லாம் கூடவே போன ஓய்வுபெற்ற வங்கி ஊழியருக்கும் நன்றி. கணவனை இழந்த இளம்பெண் தன் உரிமைப் பணத்துக்காக மேசை மேசையாக நிற்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

இனி 2024 பயணத்துக்கு வருகிறேன். பயணச் செலவைப் பகிர்ந்துகொண்ட பழைய பேட்டரித் தோழர்களே, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தேனிக்காரனின் அம்மாவுக்குத் தன் கீழ்ப் படுக்கையைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிக்கொண்ட விஜயவாடாப் பயணியே, சோஜிலா கணவாய் ஏறுமுன் சோனமர்க்கில் இரவு தங்கியே போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்ட ராணுவ மருத்துவரே, எல்லோருக்கும் நன்றி.

திராஸ் நினைவிடத்தில் காவலில் இருந்த திருநெல்வேலித் தம்பி, தமிழ்ப் பேச்சு காதில் விழுந்ததும் முறைமாற்றிக்கொண்டு வந்து எங்களோடு நின்றான். பெயர்களுக்கிடையே தேடி, அம்மாவின் விரலைப் பிடித்து மகன் பெயரின்மேல் வைத்தான். பாலக்காட்டுக்காரனின் மகனுக்கு, தோலோலிங்கின் சரிவில் எந்தப் பக்கமாக அவன் அப்பா ஏறினார் என்று நான் காட்டினேன். 5140 என்று எண்ணாக மட்டும் இருந்த சிகரத்துக்கு 2022இல் ‘கன் ஹில்’ (பீரங்கி மலை) என்று பெயர் வைத்ததையும் சொன்னேன். அன்று இறந்த கன்னர்களுக்கு அது சேர வேண்டிய மரியாதை.

அன்று மேலே சுமை தூக்கிய பெரியவர் ஒருவரை, எங்கள் வண்டி டிரைவர் விசாரித்துத் தேடி அழைத்துவந்தார். அம்மா கேட்டதை நான் இந்தியில் சொன்னேன்: “கீழே கொண்டுவந்தீர்களே, அவர்களையெல்லாம் நினைவிருக்கிறதா?” முகங்கள் நினைவில்லை, நிறையப் பேர், எல்லோரும் சின்னப் பையன்கள் என்றார் அவர். அம்மாவை ஆறுதல்படுத்த இல்லாததைச் சொல்லியிருக்கலாம்; அவர் சொல்லவில்லை. அந்த நேர்மைக்காக அவரை மேலும் மதிக்கிறேன். மகனுக்குப் படைக்க ஊரிலிருந்து சுட்டுவந்த அதிரசத்தில் பாதியை அம்மா அவர் கையில் கொடுத்தார். தம் மகனைச் சுமந்தது அவர் அல்லர் என்று அம்மாவுக்குத் தெரியும். தேனிக்காரன் சாலையோரத்தில் இறந்தவன். “யார் பிள்ளையாக இருந்தால் என்ன, தூக்கினாரே” என்றார்.

கார்கிலில் உயிர்விட்டவர்கள் 527 பேர். மகன் பெயர் பொறித்த கல்லை இன்னும் பார்க்காத பெற்றோர் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். பலருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அடுத்த கோடையில் இன்னொரு குடும்பத்தை அழைத்துப்போக எங்கள் பேட்டரித் தோழர்கள் தீர்மானித்திருக்கிறோம். மூத்தவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் ஏற்றவை. மருத்துவரிடம் காட்டாமல் யாரையும் ஏற்றக் கூடாது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவருக்காக நீங்கள் ஒருமுறை போய்வாருங்கள். அந்த உதவிக்கும் சேர்த்து இப்போதே நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார்,
பீரங்கிப் படை.